பஞ்சப்படி

2020 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு என் மகள் ஒரு ரூபே அட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"இதுல பத்தாயிரம் இருக்குப்பா. மார்ச் 31-க்குள்ள செலவு பண்ணியாகணும்."

"பண்ணலேன்னா?"

"பண்ணித்தான் ஆகணும். அதான் ஆர்டர்."

மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு அறிவித்த பண்டிகை முன்பணம் அது. வட்டி கிடையாது, பத்துத் தவணையில் பிடித்துக்கொள்வார்கள். கூடவே இன்னொரு சலுகை. கொரோனாவில் யாரும் எங்கும் போக முடியாததால் எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகைக்குப் பதில் பணமாகவே தருவார்கள். ஆனால் கட்டணத்தைப் போல் மூன்று மடங்குக்குச் சாமான் வாங்கி பில் காட்ட வேண்டும். அந்தச் சாமான் 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ளதாக இருக்க வேண்டும். ரொக்கம் ஆகாது.

உட்கார்ந்த இடத்திலேயே இருவரும் கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றி வந்தோம். மல்லிகைப் பூவுக்கு வரி இல்லை, தள்ளு. அப்பளத்துக்கு வரி இல்லை, அதையும் தள்ளு. காப்பிப் பொடிக்கு ஐந்துதான். சரி, கரியாஹாட்டில் அம்மாவுக்கு ஒரு சேலை? அதற்கும் ஐந்துதான். நாற்பது வருஷமாக எங்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடைக்காரர்கூட நாட்டைத் தூக்கி நிறுத்தும் தகுதி பெறவில்லை. கடைசியில் தகுதி பெற்றது ஒரு வாஷிங் மெஷின். 18 சதவீதம்.

கூடத்து மூலையில் அப்பா வாங்கிய மேஜை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இதே கூடத்தில், 1974 ஜூலையில், அப்பா தன் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அன்று அரசாங்கம் அவருக்கும் ஓர் ஆர்டர் போட்டிருந்தது. செலவழிக்காதே என்று.

குடும்பம் ஒன்று, எஜமான் ஒன்று, வியாதியின் பெயரும் ஒன்று: மந்தம். அப்பாவைப் பட்டினி போட்டார்கள், பேத்திக்கு வாயில் திணிக்கிறார்கள். இதில் முரண்பாடு இருப்பதாகப் பாட்டி ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். "தின்னு வந்த மந்தம் வேற, தின்னாம வந்த மந்தம் வேற. ஒண்ணுக்கு லங்கணம், இன்னொண்ணுக்குக் கஞ்சி" என்பாள். எது எது என்று தெரியாமல் மருந்து கொடுப்பவனைப் பற்றியும் அவள் ஏதோ சொல்வாள். அதை அச்சில் போட முடியாது.

*

அப்பா கும்பகோணத்திலிருந்து கல்கத்தா வந்தது 1943-இல். வயது பதினெட்டு. கையில் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் சர்ட்டிபிகேட். போர் நடந்துகொண்டிருந்தது, டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகங்களுக்கு விரல்கள் தேவைப்பட்டன. அந்த பிப்ரவரியில்தான் ஹௌரா பாலம் திறந்திருந்தது. 26,500 டன் எஃகு. இறங்கியதும் அதைத்தான் முதலில் அண்ணாந்து பார்த்தாராம்.

இரண்டாவதாகக் கேட்டது ஒரு குரல். ஸ்டேஷன் வாசலில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் தகரக் குவளையை நீட்டி, "ஃபேன் தாவ், மா, ஃபேன் தாவ்" என்றாளாம். இங்கிலீஷ் படித்த அப்பா, இந்த வெயிலில் விசிறி கேட்கிறாள் போலும் என்று நினைத்தார். மெஸ்ஸுக்குப் போன பிறகு சமையற்காரர் சொன்னார்: வங்காளியில் ஃபேன் என்றால் வடிகஞ்சி. சோறு கேட்டால் யாரும் போட மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, வடித்துக் கொட்டும் தண்ணீரைக் கேட்கிறார்கள்.

அந்தப் பஞ்சத்தில் வங்காளத்தில் செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர். அப்போது சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவனாக அதைப் பார்த்த அமர்த்தியா சென் 1981-இல் ஒரு புத்தகம் எழுதி, அது தொழில் படுத்த காலத்துப் பஞ்சமே அல்ல, பணம் கொழித்த காலத்துப் பஞ்சம் என்று காட்டினார். போருக்காக அரசாங்கம் நோட்டடித்துச் செலவழித்தது. கல்கத்தாவில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளமும் சலுகை விலை அரிசியும் கிடைத்தன. பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. மேதினிப்பூரைப் புயல் அடித்துப் போட்டிருந்தது. இருக்கிற அரிசியை நகரத்துப் பணம் இழுத்துக்கொள்ள, கிராமத்துக் கூலிக்காரனும் மீன்பிடிப்பவனும் விலை கொடுக்க முடியாமல் நகரத்துத் தெருவுக்கு வந்து செத்தார்கள்.

அப்பாவின் முதல் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே இன்னொரு தொகை இருந்தது. விலைவாசி ஏறியதற்காக. இன்று அதற்கு அகவிலைப்படி என்று பெயர் வைத்து மரியாதையாக்கிவிட்டோம். அன்று தமிழில் அதன் பெயர் பஞ்சப்படி.

"பஞ்சத்துல செத்தவனுக்குப் படி கிடையாது. படி வாங்கினவன் எவனும் சாகல" என்பார் அப்பா. பொருளாதாரத்தில் அவர் படித்த முதல் பாடம் அது.

*

எனக்குப் பாடம் புத்தகத்தில் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் கல்லூரியில் கெயின்ஸைப் படித்தேன். அரசாங்கம் ஒரு ரூபாய் செலவழித்தால் அது வாங்கியவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போய், அங்கிருந்து வேறொருவனுக்குப் போய், ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக வருமானம் ஆகும். மல்டிபிளையர். மதராஸிலிருந்து அத்தை பிள்ளை அனுப்பிய தமிழ்ப் பாடநூலில் அதைப் 'பெருக்கி' என்று போட்டிருந்தது.

"பெருக்கியா? தொடப்பமா?" என்றார் அப்பா.

நான் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "கடையில சரக்கு இருக்கா, கையில காசு இருக்கா, எது இல்லேன்னு மொதல்ல பாரு. காசு இல்லேன்னா சர்க்கார் குடுக்கட்டும், நீ சொல்றது நடக்கும். சரக்கே இல்லேன்னா குடுத்து என்ன? வெலதான் பெருகும்."

இதைத்தான் வி.கே.ஆர்.வி. ராவ் 1952-இல் ஒரு கட்டுரையில் சொன்னார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கெயின்ஸிடமே படித்தவர். இங்கிலாந்தில் மந்தம் என்றால் ஆளும் மெஷினும் சும்மா இருக்கும், பணத்தைக் காட்டினால் எழுந்து ஓடும். இங்கே நெல் ஒரு போகத்தில் விளைந்தால் விளைந்ததுதான், பணத்தைக் காட்டினால் கதிர் நீளாது. குருவின் பெருக்கி நம்மூரில் பண்டத்தை விட்டுவிட்டு விலையைப் பெருக்கும் என்றார் சீடர். "காஞ்சிபுரத்துக்காரர் சொன்னா தப்பா இருக்காது" என்று அப்பா அவருக்கு ஒப்புதல் அளித்தார்.

*

ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு மந்தமும் வந்தால்? 1966-இல் வந்தது.

இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது. நாட்டின் தானிய விளைச்சல் 8 கோடியே 90 லட்சம் டன்னிலிருந்து 7 கோடியே 20 லட்சம் டன்னாக இறங்கியது. கல்கத்தாவில் ரேஷன். பாலைச் சேமிக்கிறோம் என்று முதலமைச்சர் பி.சி. சென் அரசு 1965-இலேயே சந்தேஷ், ரசகுல்லா உள்ளிட்ட சேனா இனிப்புகளுக்குத் தடை போட்டிருந்தது. ரசகுல்லாவைத் தடை செய்த ஒருவர் வங்காளத்தில் அரசியல் செய்ய நினைத்ததே பெரிய துணிச்சல். அது போதாதென்று, அரிசியும் உருளைக்கிழங்கும் கிடைக்காவிட்டால் வாழைக்காய் சாப்பிடுங்கள் என்றார். ஊரே கொதித்தது. காஞ்ச்கலா என்பது ஊரெல்லாம் கேலிச் சொல்லாயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "வாழைக்காய்க்கு என்ன கொறச்சல்? வாரத்துல மூணு நாள் நம்மாத்துல அதானே?" முதலமைச்சரின் பொருளாதாரத் திட்டத்தை வங்காளத்தில் முழு மனத்தோடு நிறைவேற்றியது லேக் மார்க்கெட் தமிழர்களாகத்தான் இருக்கும்.

இது சரக்கு இல்லாத மந்தம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹௌராவில் வேறு கதை.

எங்கள் கீழ்வீட்டுக் காக்கு, வங்காளியில் சித்தப்பா, ஒரு வேகன் தொழிற்சாலையில் டர்னர். நாட்டின் ரயில் வேகன்களில் பெரும்பங்கைக் கல்கத்தாவைச் சுற்றியிருந்த ஆலைகள் செய்தன. பெலிலியஸ் ரோட்டில் தெருவோரம் முழுக்க லேத்துப் பட்டறைகள், அந்த ஆலைகளுக்கு உதிரி செய்து பிழைப்பவை. இந்த உலகத்துக்கெல்லாம் வாங்குபவர் ஒரே ஒருவர்: அரசாங்கம். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலர் 4.76-இலிருந்து 7.50 ஆயிற்று. விலைவாசிக்குப் பயந்து ஐந்தாண்டுத் திட்டத்தையே மூன்று வருஷம் ஒத்திப்போட்டார்கள். ரயில்வே வேகன் ஆர்டரைக் குறைத்தது.

காக்குவின் லேத்து நின்றது. எஃகு இருந்தது, மெஷின் இருந்தது, கையில் வித்தை இருந்தது. வாங்க ஆள் இல்லை. லே-ஆஃப் சீட்டு வருவதற்கு முந்தைய வாரம், செய்ய வேலை இல்லாமல், காக்கு கழிவு எஃகில் எனக்கு ஒரு பம்பரம் கடைந்து கொண்டுவந்தார். பித்தளை ஆணி. சுண்டிவிட்டால் சிமென்ட் தரையில் ஓசையே இல்லாமல் நின்று சுற்றும். தேசத்தின் பயன்படாத உற்பத்தித் திறன் என்று பாடநூல்கள் சொல்வது, பதினோரு வயதில் என் உள்ளங்கையில் அரை ராத்தல் கனத்தது.

வயலில் சரக்கு இல்லை, அதற்குச் சிக்கனம் சரி. ஹௌராவில் சரக்கு செய்யக் காத்திருந்தார்கள், அதற்குச் செலவு சரி. அரசாங்கத்திடம் ஒரே புட்டிதான் இருந்தது. வயலுக்குக் கலக்கிய லங்கணத்தையே ஹௌராவின் வாயிலும் ஊற்றினார்கள். 1967-இல் ஆட்சி மாறியது, கெராவ் என்ற சொல் அகராதியில் ஏறியது, ஆர்டர் மட்டும் திரும்பி வரவில்லை. காக்கு கடைசியில் ஒரு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டினார்.

*

1974 தெளிவான கேஸ். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு, அதற்கு முன்பு வறட்சி, மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். அந்த ஆண்டு மொத்தவிலை சுமார் 25 சதவீதம் ஏறியது. ஜூலையில் அவசரச் சட்டம் வந்தது: சம்பள உயர்வு முழுவதையும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும் அரசாங்கம் கட்டாய டெபாசிட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

அப்பா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாள் அதுதான். அம்மா கேட்டாள், "பஞ்சத்துக்குன்னு குடுத்த படியைப் பஞ்சம் வந்ததும் பிடுங்கிக்கறாளே, என்ன நியாயம்?"

தன் கொள்கையில் தானே மாட்டிக்கொண்டவர் போல அப்பா கொஞ்சம் யோசித்தார். "கடையில சரக்கு இல்ல. எல்லார் கையிலயும் காசு குடுத்தா வெல இன்னும் ஏறும். அவா பண்றது சரிதான்." பிறகு, "நம்மகிட்ட பண்ணாம இருந்திருக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். பொருளாதாரக் கொள்கை பற்றிய பொதுமக்கள் கருத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் விலைகள் இறங்கவே செய்தன. நல்ல மழையும் பெய்தது. வெற்றி டெபாசிட்டினுடையதா மேகத்தினுடையதா என்று பேராசிரியர்கள் இன்னும் பேசுகிறார்கள். பேட்டி கொடுக்க மேகம் வராததால் டெபாசிட் பெயரைத் தட்டிக்கொண்டு போயிற்று.

பிடித்த பணம் பிற்பாடு ஆண்டுத் தவணைகளில் வட்டியோடு திரும்பி வந்தது. அப்படி வந்த ஒரு தவணையில், 1979 கோடையில், அப்பா அந்த மேஜை விசிறியை வாங்கினார். கொண்டுவந்து வைத்து, சுவிட்சைப் போட்டார். கரண்ட் இல்லை. கல்கத்தாவில் தினமும் பல மணி நேரம் லோட் ஷெட்டிங் நடந்த காலம். காசு இருந்தது, விசிறி இருந்தது, காற்று மட்டும் சப்ளை இல்லை. அம்மா பனை விசிறியை எடுத்து அதன் முன்னால் உட்கார்ந்து வீசிக்கொண்டாள். அந்த நிதியாண்டில் நாட்டின் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மறுபடியும் வறட்சி, மறுபடியும் எண்ணெய் விலை.

*

அதற்காக அரசாங்கம் அந்த நாளில் ஊரில் செலவே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். 1972 மே மாதம் இந்திரா காந்தி ஹூக்ளிமேல் இரண்டாவது பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் மெட்ரோவுக்கும் நாட்டினார். பிறகு சௌரங்கியைத் தோண்ட ஆரம்பித்தார்கள். நான் கல்லூரிக்குப் பலகைமேல் நடந்து போனேன். வேலைக்குப் பலகைமேல் நடந்து போனேன். கல்யாணமாகி மனைவியை நியூ மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனபோதும் அதே பலகை.

கெயின்ஸ் 1936-இல் எழுதிய நூலில் ஒரு குறும்பு உண்டு. வேலையில்லாத காலத்தில் வேறு ஒன்றும் தோன்றாவிட்டால், பழைய புட்டிகளில் நோட்டைத் திணித்துக் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தில் புதைத்து, தோண்டி எடுக்கச் சொன்னாலும் தேவலை என்பார். கல்கத்தாவில் புட்டி இல்லாமலே பதினோரு வருஷம் தோண்டினார்கள். 1977-78 வரை வேலை நகராததற்குப் பணப் பற்றாக்குறையும் ஒரு காரணம். சிக்கன மருந்து இந்தக் குழிக்குள்ளும் இறங்கியிருந்தது. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை முதல் ரயில் ஓடியது. மூன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. நாங்கள் குடும்பத்தோடு போய், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து இந்தக் கோடிக்கே திரும்பி வந்தோம்.

பாலம் இன்னும் நிதானம். அடிக்கல்லுக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே ஏழு வருஷம். வித்யாசாகர் சேது என்று பெயர் வைத்துத் திறந்தது 1992 அக்டோபர் 10. 1972 வறட்சி வருஷம், உற்பத்தி சுருங்கியது. அந்த மந்தத்தில் கல் நட்ட பாலம், நாடு தங்கத்தை அடகு வைத்துக் கரையேறிய 1991 மந்தத்தை ஒட்டித் திறந்தது. ஒரு மந்தத்துக்கு எழுதிய மருந்து அடுத்த மந்தத்துக்கு வந்து சேர்ந்தது. கல் நட்டபோது எனக்குப் பதினேழு வயது. என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கடந்தபோது முப்பத்தேழு. "காத்து நன்னா வரதுடா" என்றார் அப்பா.

டெல்லியில் தேசியப் பொது நிதி, கொள்கை நிறுவனத்தைச் சேர்ந்த சுகன்யா போஸும் பானுமூர்த்தியும் 2013-இல் நம் நாட்டுப் பெருக்கியைக் கணக்கிட்டார்கள். பாலம், சாலை போன்ற மூலதனச் செலவில் ஒரு ரூபாய் போட்டால் 2.45 ரூபாய் உற்பத்தி ஆகிறது. கையில் நேராகக் கொடுக்கும் உதவித்தொகை ஒரு ரூபாய்க்கு 0.98 தான். நல்ல கணக்கு. ஆனால் வித்யாசாகர் சேதுவை இருபது வருஷம் வேடிக்கை பார்த்த எனக்கு அந்த 2.45 எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கத் தோன்றும்.

*

அரசாங்கம் சரியான நேரத்தில் சரியான மந்தத்துக்குச் செலவழித்ததை என் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தேன். அது தெரியாமல் நடந்தது.

2008 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அது காசு இல்லாத மந்தம், கெயின்ஸ் பார்த்த அசல் வகை. உலகமெங்கும் சரக்கு இருந்தது, ஆளும் மெஷினும் இருந்தன, வாங்குபவன் கையை மடக்கிக்கொண்டான். அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஆறாவது சம்பளக் கமிஷனை அமைச்சரவை ஏற்றிருந்தது. 2006 ஜனவரியிலிருந்து கணக்கிட்டு நிலுவை. 40 சதவீதம் உடனே, 60 சதவீதம் அடுத்த ஆண்டு. விவசாயக் கடன் தள்ளுபடி பிப்ரவரி பட்ஜெட்டிலேயே வந்துவிட்டது. நூறு நாள் வேலை ஏப்ரலிலிருந்து எல்லா மாவட்டத்துக்கும். எதிரே தேர்தல். ஊதாரித்தனம் என்று பத்திரிகைகள் வைதுகொண்டிருந்தபோதே மந்தம் வந்து சேர்ந்து, ஊதாரித்தனத்தை முன்யோசனை ஆக்கிவிட்டது. டிசம்பரில் கலால் வரியையும் 4 புள்ளி குறைத்தார்கள். பொருளாதாரம் தடுக்கியது, விழவில்லை.

பூஜைக்கு முன் என் கையில் நிலுவை. எண்பது தாண்டிய ஓய்வூதியர்களுக்கு 20 சதவீதம் கூடுதல் என்பதால் எண்பத்து மூன்று வயது அப்பாவுக்கும் உயர்வு. பணக்கார வீடாகிவிட்டோம். நானோ கார் வாங்கலாமா என்று பேச்சு எழுந்தது. நம் சிங்கூரில் செய்யும் கார், ஒரு லட்சம். அக்டோபர் 3 அன்று ரத்தன் டாட்டா சிங்கூரை விட்டுப் போவதாக அறிவித்தார். காசு கைக்கு வந்தது, கார் குஜராத்துக்குப் போயிற்று.

"சரக்கு இருக்கான்னு பாத்தியா?" என்றார் அப்பா, ஈஸிசேரில் இருந்தபடி.

ஹௌராவில் இந்தத் தடவை வேகன் இல்லை, சாக்கடை மூடி. நியூயார்க் தெருக்களில் நடப்பவர்கள் காலடியில் பார்க்கும் இரும்பு மூடிகளில் பல ஹௌரா வார்ப்படச் சாலைகளிலிருந்து போனவை. 2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு 787 பில்லியன் டாலர் செலவுத் திட்டம் போட்டது. சாலை, குழாய், சாக்கடை. ஹௌராவுக்கு நல்ல காலம் என்று நினைப்பதற்குள் அதில் ஒரு பிரிவு: அந்தப் பணத்தில் கட்டும் பொதுப்பணிகளுக்கு இரும்பும் எஃகும் அமெரிக்காவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். ஒப்பந்த நாடுகளுக்கு விலக்கு உண்டு; இந்தியா அதில் இல்லை. ஒரு நாடு செலவழித்தால் கொஞ்சம் அடுத்த வீட்டுக்கும் ஒழுகும் என்று பாடநூல் சொல்லும். ஒழுகும் இடத்தைப் பார்த்து மூடி போட்டுவிட்டார்கள். அந்த மூடியும் ஹௌராவில் செய்ததல்ல.

*

அப்பா 2011-இல் போய்விட்டார். 2020 வந்தபோது அவருடைய சூத்திரம் செல்லவில்லை. கடையில் சரக்கு இருந்தது. கையில், எங்களைப் போன்றவர்கள் கையில், காசும் இருந்தது. தெருவுக்குப் போகத்தான் தடை. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் விழுந்தது.

ஏப்ரல் 23 அன்று அகவிலைப்படியை நிறுத்திவைத்தார்கள், ஓய்வூதியர்களுக்கும் சேர்த்து. மூன்று தவணை, பதினெட்டு மாதம். மேயில் 20 லட்சம் கோடித் திட்டம், பெரும்பகுதி கடனும் உத்தரவாதமும். அக்டோபரில் மகளின் அட்டைக்கான அறிவிப்பு. வசந்தத்தில் பிடித்துக்கொண்டதை ஐப்பசியில் கடனாகக் கொடுத்து, சீக்கிரம் செலவழி என்றார்கள். மாநில அரசு தன் பங்குக்கு ஒவ்வொரு பூஜைக் கமிட்டிக்கும் 50,000 ரூபாய் கொடுத்தது. அதில் முக்கால் பங்கை முகக்கவசத்துக்கும் சானிடைசருக்கும் செலவிடச் சொன்ன உயர் நீதிமன்றம், பந்தலுக்குள் பார்வையாளர் நுழையவும் தடை போட்டது. பந்தல் உண்டு, பணம் உண்டு, பார்க்கத்தான் கூடாது.

படியை நிறுத்தியதைக் கண்டித்து ஓய்வூதியர் சங்கத்தின் இரண்டு மனுக்களில் கையெழுத்துப் போட்டேன். 1974-இல் பிடித்ததையாவது வட்டியோடு கொடுத்தான், இவர்கள் நிலுவையே கிடையாது என்கிறார்கள் என்று முழங்கினேன். சொன்னபடியே செய்தார்கள்: 2021 ஜூலையில் 17 சதவீதத்தை 28 ஆக்கினார்கள், நிலுவை இல்லை. அதில் மிச்சமானது 34,402 கோடி என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். என் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் படி வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தபாலாபீஸில் போட்டிருப்பேன். மூத்த குடிமக்கள் சேமிப்பு. என் கைக்கு வரும் ரூபாய் பெருகாது, தூங்கும்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாசி கேனிங் பக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் வருபவள். ஜன்தன் கணக்கில் மாதம் 500 வீதம் மூன்று மாதம் வந்தது. வந்த மத்தியானமே எண்ணெயாகவும் பருப்பாகவும் மாறியது. தலைக்கு 5 கிலோ இலவசத் தானியமும் வந்தது. மே 20 அன்று ஆம்ஃபான் புயல் அவள் கூரையைக் கொண்டுபோயிற்று. ஜூனில் போனில் கேட்டேன், எப்படி இருக்கிறாய் என்று. "சால் ஆச்சே, தாதா. ட்ரேன் நேய்." அரிசி இருக்கு, ரயில் இல்லை.

அந்த மந்தத்தைப் பற்றி இதைவிட நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ரயிலை ஓட்டாமல் நிறுத்தியிருக்கும்போது கொட்டுகிற பணம் ரயிலை ஓட்டாது. ஆனால் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும். பாலம் கட்டும் 2.45-ஐவிட அந்த மாதங்களில் 0.98 பெரிய எண். அடுத்த ஆண்டு வங்காளத்தில் பெண்களுக்கான லக்ஷ்மீர் பண்டார் உதவித்தொகை வந்தபோதும், 2023-இல் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை வந்தபோதும், வீண்செலவு என்று சொன்னவர்களோடு நான் வாதாடினேன். வாதாட எனக்கு என்ன அருகதை என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நவம்பர் 11 அன்று லோக்கல் ரயில்கள் ஓடத் தொடங்கின. மறுநாள் காலை மாசி வந்து நின்றாள், இளைத்திருந்தாள். மகள் அட்டையைக் கொண்டுவந்த அதே நாள். மேஜைமேல் அட்டை, பக்கத்தில் வாஷிங் மெஷின் விளம்பரத் தாள், மூலையில் விசிறி. இப்போதெல்லாம் கரண்ட் போவதே இல்லை. மாசி அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினாள். பிறகு கேட்டாள்:

"தாதா, ஆமார் பொகேயா?"

பொகேயா என்றால் நிலுவை. ஏப்ரலுக்கும் மேக்கும் முழுச் சம்பளம் அனுப்பினேன். ஜூனிலிருந்து பாதி. வேலைக்கு வரவில்லையே, நமக்கும் படியை நிறுத்திவிட்டார்களே என்று எனக்கு நானே ஓர் அரசாணை எழுதிக்கொண்டிருந்தேன். நாக்கு நுனிவரை வந்த பதில் நிதியமைச்சகத்தினுடையது: நிறுத்தியது நிறுத்தியதுதான், நிலுவை கிடையாது.

மனைவி உள்ளேயிருந்து ஒரு கவருடன் வந்தாள். அஞ்சரைப்பெட்டிக்கு அடியில் மாதாமாதம் போட்டுவைத்த மீதிப் பாதி. "ஏன்னா, உங்கப்பாவுக்கு அவா வட்டியோட குடுத்தாளோன்னோ? மேல ஐந்நூறு போடுங்கோ" என்றாள். போட்டேன். மாசி எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். கேனிங்கில் தகரம் வாங்கிக்கொண்டிருந்தாள், கூரைக்கு, நாலு தகடு. தூக்கிவைக்க ஒரு வேன் ரிக்ஷாக்காரர், அடிக்க ஒரு தச்சர். பின்னாலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

அன்று வீட்டில் பெருக்கியது நான்தான்.